பிறர் பேச்சும் நமது செவியும்

 

வீட்டுக்கு வீடு செல்பேசி வந்துவிட்ட பின்னரும் வயர்லெஸ் கருவிகள் மறைந்துவிடவில்லை. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இருபது ஓட்டுநர்களுக்கும் ஒரே நேரத்தில் செய்தி சென்று சேரும் வசதியை, வண்டிகள் பல வைத்திருப்போர் எளிதில் கைவிடுவதில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்தினுள் புகுந்து, செல்பேசிகள் ஊமையாகிப் போன நாட்களில், சென்னையில் அமெச்சூர் வானொலியாளர்களே பல செய்திகளைக் கடத்தினர் என்பதும் நினைவிருக்கலாம்.

அதே கோட்டூர்புரத்தில், ஊழியர்களை ஏற்றி இறக்கும் வண்டிகளுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறார், என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர். அங்கே வயர்லெஸ் கருவிகளைப் பராமரித்து வந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக நான்கு கருவிகள் தேவை. பழையவை எந்த அலைவரிசையில் பேசுகின்றன என்பதோ அலுவலகத்தில் எவருக்கும் தெரியவில்லை. இவர் அலைவரிசைகளைத் துழாவும் கருவியொன்றை இரவல் வாங்கி, 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை தேடத் தொடங்கினார்.

"ஹஜ்ரத், தேடியது கிடைக்கவில்லை, தேடாததெல்லாம் காதில் விழுகிறது" என்றார். வேறெங்கோ பணிபுரியும் ஓட்டுநர் ஒருவர், மகளின் பள்ளிக் கட்டணத்திற்கு முன்பணம் கேட்டுக் கெஞ்சியிருக்கிறார். மறுமுனையில் ஏச்சுத்தான் பதிலாம். மறுநாளும் அதே இடத்தில் கருவியை நிறுத்திக் கேட்க மனம் இழுக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

காற்றில் வருவதுதானே, யார் வீட்டுச் சுவரையும் ஏறிக் குதிக்கவில்லையே என்று சிலர் வாதிடுவர். தற்செயலாகச் செவியில் விழுவது வேறு; செவியைக் கொண்டுபோய் வைப்பது வேறு. பிறரைத் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. தாம் கேட்கப்படுவதை விரும்பாத மக்களின் பேச்சை ஒட்டுக்கேட்பவருக்கு மறுமையில் காத்திருக்கும் தண்டனையைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. நாட்டின் சட்டமும் இதில் மெத்தனமாக இல்லை. சட்டவிரோதமாகச் செய்தியை இடைமறித்தால் 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். அந்த ஓட்டுநரின் வறுமையை எவரிடமும் சொல்ல வேண்டாம், அது உம்மிடம் வந்து சேர்ந்த அமானிதம் என்றேன்.

சரி, அலைவரிசையை அறிவது எப்படி? முதலில் காகிதத்தைத் தேட வேண்டும். இத்தகைய கருவிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு ஒதுக்கித் தரும் அலைவரிசை, உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். உரிமம் கிடைக்காவிடில், நிர்வாகத்தின் ஒப்புதலோடு, கருவியை விற்றவரிடம் கொண்டுபோய்க் கணினியில் இணைத்தால் உள்ளே பதிந்திருப்பதைப் படித்துக் காட்டுவார். அதிர்வெண்ணை எண்ணிக் காட்டும் சிறு கருவியும் உண்டு. அதை நமது கருவியின் ஆன்டெனா அருகே வைத்து, பேசும் பொத்தானை அழுத்தினால் எண் தெரிந்துவிடும். அயலார் பேச்சு இதில் கலப்பதேயில்லை.

எனினும் அந்த ஓர் எண் மட்டும் போதாது. மாடியில் ரிப்பீட்டர் வைத்திருந்தால், கருவி பேசுவது ஓர் அலைவரிசையில், கேட்பது இன்னோர் அலைவரிசையில். இதுவன்றி, குரலோடு சேர்ந்து தாழ்ந்த ஒலியொன்றும் மறைவாகப் போகும். ஏறத்தாழ 67 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அது பொருந்தாவிட்டால் அலைவரிசை சரியாக இருந்தும் கருவி வாய் திறக்காது. பாதி விவரத்தோடு புதுக்கருவி வாங்கிவிட்டுக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாணவருக்கு இத்தனை தூரம் போக வேண்டியிருக்கவில்லை. உரிமக் கோப்பு கணக்குப் பிரிவின் அலமாரியில், வாகனக் காப்பீட்டுத் தாள்களுக்கு அடியில் கிடந்தது. இரவல் கருவியை அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வானொலி அலைகளின் மீது உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வு இருக்கிறது. 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். தேறியவர்கள், தம்மோடு பேச விரும்புவோருடன் தம் பெயரும் நிலையக் குறியீடும் சொல்லிப் பேசலாம். பெண்மக்களையும் எழுத வையுங்கள்.