பதிமூணு மார்க்கும் கொஞ்சம் தண்ணியும்

டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் பற்றி செமஸ்டரில் பதிமூணு மார்க் கேள்வி. படம் போட்டு எழுதினேன். அந்தத் தெம்பில்தான் லீவுக்கு ஊருக்குப் போனதும், “இன்னைக்கு மோட்டார நான் பாத்துக்குறேம்ப்பா”ன்னு சொன்னேன்.

எங்க படகில் இருப்பது பழைய அவுட்போர்டு. லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், 50:1. அளந்து கலந்தேன். இதில் ஆயிலுக்குத் தனி வழி கிடையாது. பெட்ரோலோடு கிராங்க் கேஸுக்குள் போனால்தான் உண்டு. இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

கயிறை இழுத்தேன், ஸ்டார்ட் ஆச்சு, கிளம்பிட்டோம். கொஞ்ச தூரத்தில் அப்பா கத்தினார்: “அணைடா! தண்ணி பீய்ச்சுதான்னு பாத்தியா?”

பார்க்கல. மோட்டாரைக் குளிர வைப்பது கடல் தண்ணிதான். உள்ளே சுற்றிவிட்டு ஒரு சின்ன ஓட்டை வழியாப் பீய்ச்சணும். சொட்டுகூட வரல. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் பிஸ்டன் சிலிண்டரைப் பிடிச்சிருக்கும்.

துடுப்பு போட்டுக் கரைக்கு வந்தோம். கழற்றிப் பார்த்தால், தண்ணியை ஏற்றும் ரப்பர் இம்பெல்லரில் இதழ்கள் பிய்ஞ்சிருந்தன. அன்னைக்குத் தொழில் போச்சு. அப்பா திட்டவே இல்ல, அதுதான் வலிச்சது.

புது இம்பெல்லர் மாட்டியபின் லீவு முழுக்க மோட்டார் என் பொறுப்பு. கரைக்கு வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணி ஊற்றி ஓடவிட்டு உப்பைக் கழுவுவேன். பெட்ரோல் டியூபைக் கழற்றி, கார்புரேட்டர் காலியாகித் தானா நிற்கும்வரை விடுவேன். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணி புகுந்திருக்குன்னு அர்த்தம், அதையும் பார்ப்பேன்.

பரீட்சையில் நான் வரைந்த படத்தில் தண்ணி எங்கேயும் இல்லை. இப்ப ஸ்டார்ட் ஆனதும் என் கண்ணு முதல்ல தேடுறது அதைத்தான்.