36-வது அறை யாருக்கு?

சண்டைப் படத்தில் என்ன அரசியல் இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பழவேற்காடு ஏரிக்கரைச் சேரிகளில் வளர்ந்த எங்களுக்கு நிறையவே இருக்கிறது.

டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட காலத்தில் நாங்கள் குங்ஃபூ பார்த்தோம். வசனம் புரியாது. 1972-இல் வந்த ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’ படத்தில், ஷாங்காய் பூங்கா வாசலில் ஒரு பலகை தொங்கும்: நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதி இல்லை. புரூஸ் லீ எகிறி உதைத்து அதை நொறுக்குவார். அங்கே நாங்கள் ஏன் விசிலடித்தோம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எங்களை யோசிக்க வைத்தது 1978-இல் ஷா பிரதர்ஸ் எடுத்த ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’. இயக்கிய லாவ் கார் லியூங் சண்டைப் பயிற்சியாளராக இருந்து இயக்குநரானவர். படத்தின் பெரும்பகுதி சண்டை அல்ல, பயிற்சி. கோர்டன் லியூ நடித்த சான் டே, தண்ணீரில் மிதக்கும் கட்டை மேல் கால் வைத்துத் தாண்டினால்தான் சோறு. விழுவான், நனைவான், மறுபடி தாண்டுவான். கைகளை நீட்டித் தண்ணீர் வாளி சுமப்பான்; கை தாழ்ந்தால் கத்தி விலாவில் குத்தும். நீண்ட மூங்கில் முனையில் கட்டிய சுத்தியலால் மணி அடித்து மணிக்கட்டை உரமாக்குவான். கேமரா விலகி நின்று முழு உடம்பையும் காட்டும். அதனால் வலியும் தெரியும், திறமை படிப்படியாக ஏறுவதும் தெரியும்.

நம்மூர் நாயகன் அப்படியில்லை. மீசையை முறுக்கினால் பத்துப் பேர் பறப்பார்கள். அந்த வீரம் எங்கிருந்து வந்தது? பரம்பரையிலிருந்து என்று படமே பெருமை பேசும். லாவின் படம் அதை ஒப்புக்கொள்வதில்லை. வீரம் ரத்தத்தில் வருவதில்லை, பழகினால் வருவது என்கிறது.

ஏரியில் நாங்கள் கேட்கும் பேச்சும் ரத்தத்தைப் பற்றியதுதான். ‘பாடு’ என்ற முறையில் நல்ல இறால் களங்களைக் குப்பங்கள் முறைவைத்துப் பங்கிடுகின்றன. சண்டையில்லாமல் வளத்தைப் பகிரும் ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பாராட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பங்குக்கு பட்டினவர் சாதியில் ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். இறாலுக்கு ஏற்றுமதி விலை ஏறிய பிறகு ஏரியில் இறங்கிய எங்கள் பெரியவர்களுக்கும், சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும் அதில் இடமில்லை. ‘நீங்கள் பிறவி மீனவர் இல்லையே’ என்கிறார்கள். கழி ஊன்றவும் வலை வீசவும் எவரும் கற்றுத்தானே ஆக வேண்டும்? நாங்களும் விழுந்து நனைந்துதான் கற்றோம்.

35 அறைகளையும் முடித்த சான் டே பதவி கேட்கவில்லை. மடத்துக்கு வெளியே, சாதாரண மக்களுக்குக் கற்றுத்தர 36-வது அறை கேட்கிறான். பெரியவர்கள் மறுக்கிறார்கள். நியூயார்க்கின் கறுப்பின இளைஞர்கள் 1993-இல் தங்கள் வூ-டாங் கிளான் குழுவின் முதல் ஆல்பத்துக்கு இந்த 36 அறைகளின் பெயரையே சூட்டினார்கள். கதவு மூடப்பட்டவர்களுக்கு அந்தக் கோரிக்கை எளிதில் புரிகிறது.

துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் ஏரியை நெருக்கும்போது பட்டினவர் தோழர்களோடு ஒரே பக்கம்தான் நிற்கிறோம். பாட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. சீட்டு எழுதும்போது எங்கள் பெயரையும், இருளர் பெயரையும் எழுதுங்கள் என்கிறோம்.