அடைக்கலப் பொருள்

வேலப்பன்சாவடியில் தூண்டில் போடுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று யாராவது சொன்னால் நேயர்கள் நம்ப வேண்டாம். ஒரு பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓயாத லாரிப் படை; மறு பக்கம் கூவம் நதி. இவ்விரண்டுக்கும் நடுவில் தூண்டிலுக்கு என்ன வேலை? அப்படியிருந்தும் சென்ற மாதம் முழுவதும் நான் ஒரு தூண்டில் சக்கரத்தைத் துடைப்பதில் காலங் கழித்தேன். அதைப் பற்றி என் மனைவி என்ன நினைத்தாள் என்பதை இங்கே எழுதுவது குடும்ப க்ஷேமத்துக்கு உகந்ததன்று.

சக்கரம் என் தாத்தாவினுடையது. அவர் குன்னூருக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்குப் பிள்ளையாக இருந்தவர். 1942-ல் தோட்டத்துத் துரை பட்டாளத்தில் சேர்ந்து போனபோது, அதைத் தாத்தாவுக்கு வெகுமதியாகக் கொடுத்தார் என்பது எங்கள் வீட்டுக் கதை. தாத்தாவோ கதர் உடுத்தியவர். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு இராட்டை சுற்றியவர். மீனைக் கையாலும் தொடாதவர். வெள்ளைக்காரனுடைய விளையாட்டுச் சாமானை அவர் ஏன் கைநீட்டி வாங்கினார் என்ற கேள்வி சிறு வயது முதல் என் மனத்தில் முள்ளாகத் தைத்திருந்தது. ஆகவே, பழம்பொருள் சேகரிக்கும் ஒருவர் நல்ல விலை சொன்னதும், அதைச் சுத்தம் செய்து விற்றுவிடுவதென்று தீர்மானித்தேன்.

நீலகிரிக்கும் தூண்டிலுக்கும் உள்ள சம்பந்தத்தைச் சிறிது சொல்ல வேண்டும். அந்த மலை ஓடைகளில் டிரௌட் என்னும் மீன் இயற்கையில் கிடையாது. 1863-ல் பிரான்சிஸ் டே என்ற டாக்டர் அதைக் கொண்டுவர முயன்று தோல்வியுற்றார். 1907-ல் வில்ஸன் என்பவர் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்த பிறகே அது அங்கே நிலைத்தது. அந்த மீனுக்குத் துரைமார்கள் புழுவை வைப்பதில்லை. இறகையும் நூலையும் கொண்டு கட்டிய பொய் ஈயைத் தண்ணீர்மேல் வீசுவார்கள். வீசிய நூலைக் கையால் இழுக்கும்போது அது காலடியில் சுருண்டு புதரிலெல்லாம் சிக்கும். இந்தத் தொல்லைக்கு மாற்றாக வந்ததுதான் தானே நூல் சுற்றும் சக்கரம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த மார்ட்டின் என்ற கடிகாரக்காரர், கடிகாரத்தில் இருப்பது போன்ற ஸ்பிரிங் ஒன்றைத் தூண்டில் சக்கரத்துக்குள் வைத்தார். நூலை இழுக்க இழுக்க ஸ்பிரிங்கில் முறுக்கேறும். சுண்டு விரலால் விசையை அழுத்தினால் நூல் சர்ரென்று உள்ளே ஓடிவிடும். தாத்தாவிடம் இருந்தது மார்ட்டின் கம்பெனிச் சக்கரம்.

நான் செய்த முதற் காரியம், குழந்தையைப் போல் சக்கரத்தைத் திருகி முறுக்கேற்றியது. இரண்டாவது காரியம், முறுக்கோடு அதன் திருகாணிகளைக் கழற்றியது. மூடி அசைந்ததோ இல்லையோ, ஸ்பிரிங் பாம்பு போலச் சீறி என் கட்டை விரலைக் கிழித்தது. திருகாணி ஒன்று எங்கோ பறந்தது. விரலில் கட்டுடன், பூந்தமல்லியில் கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் ஓடினேன்.

"கோபத்தில் இருக்கிறவனைக் கட்டவிழ்க்கலாமா, தம்பி? முதலில் கோபம் தணியட்டும்" என்றார் அவர்.

பிறகு முறையைச் சொல்லிக் கொடுத்தார். நூல் இருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும். சக்கரத்தைக் கட்டை விரலால் அணைத்தபடி விசையைக் கொஞ்சங் கொஞ்சமாக அழுத்தி, முறுக்கு முழுவதும் அடங்கிய பின்னரே திருப்புளியை எடுக்கலாம். பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணியில் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷினால் அழுக்கை நீக்கி, நன்றாக உலர்த்த வேண்டும். அச்சுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரே சொட்டு. ஸ்பிரிங்குக்கு வாஸலின் ஒரு மெல்லிய பூச்சு. அதிகமானால் தூசிக்கு விருந்து வைத்தது போலாகும். ஸ்பிரிங் தன் கூட்டில் ஒழுங்காக இருந்தால், பழக்கமில்லாதவன் அதைத் தொடவே கூடாது. நான் கிளப்பிவிட்ட ஸ்பிரிங்கை அவரே, தடித்த கையுறை மாட்டிக்கொண்டு, அரை மணி நேரம் பொறுமையாகச் சுருட்டி உள்ளே வைத்தார்.

"திருகாணி எங்கே?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். தோல் பெட்டிக்குள் விழுந்திருக்கலாம் என்று அதன் வெல்வெட்டுத் துணியைத் தூக்கினேன். அடியில் திருகாணியும் இருந்தது. மடித்த காகிதம் ஒன்றும் இருந்தது. தாத்தாவின் கையெழுத்து. தலைப்பில், "துரை ஒப்படைத்துப் போனது. திரும்பியதும் கொடுக்க வேண்டியது" என்று எழுதியிருந்தார். கீழே, வருஷத்துக்கு இரண்டு முறை எண்ணெய் விட்ட தேதிகள். 1947 ஆகஸ்டு மாதத்துக்கு எதிரே, "எண்ணெய் விட்டது. கடிதம் இல்லை" என்று இருந்தது. கடைசித் தேதி 1971.

அது வெகுமதியே அல்ல, அடைக்கலப் பொருள்! துரை திரும்பவில்லை. அவர் தேசம் நம் தேசத்தை விட்டுப் போன பிறகும், தாத்தா கணக்கை முடிக்கவில்லை. பெட்டியின் மூலையில் தூண்டிலின் பட்டு நூல் தனியாகக் கிடந்தது. பட்டு நூலை ஈரத்தோடு சக்கரத்தில் விட்டால் இற்றுப்போகும். தாத்தா அதை உலர்த்தி, இராட்டையில் நூற்ற நூலைக் கட்டுவதைப் போலவே சிட்டமாகக் கட்டியிருந்தார். இராட்டைக்கு எண்ணெய் விட்ட புட்டியிலிருந்துதான் இதற்கும் விட்டிருப்பார். வெள்ளையன் வெளியேற வேண்டும் என்று விரும்பிய அதே மனிதர், வெளியேறிய வெள்ளையனின் பொருளுக்குத் துரும்பளவும் தீங்கு வர விடவில்லை. அவரை நாற்பது வருஷம் தவறாக நினைத்திருந்தவன் நான்.

பழம்பொருள்காரரிடம் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் விலையை உயர்த்தினார். என் மனைவி அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். வழிப்போக்கன் வைத்துவிட்டுப் போன மூட்டையைச் சாவடிக்காரன் விற்கலாமா? சக்கரத்தைப் பூட்டி, முறுக்கைத் தளர்த்தி, பெட்டியில் வைத்தேன். தாத்தாவின் காகிதத்தில் 1971-க்குக் கீழே இன்றைய தேதியை எழுதினேன். எதிரே, "எண்ணெய் விட்டது. கடிதம் இல்லை."