அமேசானா, பி1800-ஆ?

வோல்வோ என்றதும் நம்ம ஆட்களுக்கு பெங்களூர் போகும் ஏசி பஸ்தான் ஞாபகம் வரும். பழைய கார் பைத்தியங்களிடம் அதே பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஒரு சண்டையே ஆரம்பிக்கும். அமேசான் பெரிசா, பி1800 பெரிசா?

அமேசான் 1956-ல் ஸ்வீடனில் வந்த குடும்பக் கார். (ஜெர்மனியில் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனி அந்தப் பெயரைப் பிடித்து வைத்திருந்ததால் வெளிநாடுகளில் வெறும் 121, 122 என்ற எண்கள்தான்!) 1970 வரை ஆறரை லட்சத்துக்கு மேல் தயாரானது. நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட் 1959-ல் முதன்முதலாக வந்த மாடல்களில் இதுவும் ஒன்று. இன்று எந்தக் காரில் ஏறினாலும் நாம் இழுத்து மாட்டுவது அந்த பெல்ட்டைத்தான்.

பி1800 வேறு ரகம். 1960-ல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் காட்டிய ஸ்போர்ட்ஸ் கார், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. இதன் கதைதான் சுவாரஸ்யம். வோல்வோ தலைவர் குன்னார் எங்கெலாவுக்கு இத்தாலிக்காரர் கை வண்ணம்தான் வேண்டும் என்று ஆசை. இத்தாலியிலிருந்து வந்த டிசைன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதை வரைந்தவர் அங்கே வேலை பார்த்த பெல்லே பெட்டர்சன் என்ற ஸ்வீடன் இளைஞர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மனுஷனுக்கு ஒரே கோபம். பெட்டர்சன் பெயர் பல வருஷம் வெளியே வரவே இல்லை. (அவர் பிறகு பாய்மரப் படகில் ஒலிம்பிக் பதக்கமே வாங்கினார், அது வேறு கதை.)

அடுத்த கூத்து தயாரிப்பில். வோல்வோ ஆலையில் இடமில்லை என்று பாடி ஸ்காட்லாந்திலும், அசெம்பிளி இங்கிலாந்தில் ஜென்சன் கம்பெனியிலும் நடந்தது. தரத்தில் ஏகப்பட்ட தகராறு. 1963-ல் அசெம்பிளியை ஸ்வீடனுக்கே கொண்டுபோனார்கள். வேலையை வெளியே கொடுத்தால் செலவு எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று காஸ்டிங் வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

காப்பாற்றியது டிவி. 'தி செயின்ட்' தொடருக்கு ஜாகுவார் கார் தர மறுக்க, வோல்வோ கொடுத்தது. 1962 முதல் ரோஜர் மூர் அதில் வலம் வந்தார். பிறகு கேட்கவா வேண்டும்! அப்படியும் 1973 வரை மொத்தமே சுமார் 47,000 கார்தான்.

ஆனால் பானெட்டைத் திறந்தால்? இரண்டிலும் ஒரே பி18 இஞ்சின். பி1800-ன் அடித்தளமே அமேசானுடையதைக் குட்டையாக்கியதுதான். அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்ற ஆசிரியர் தன் 1966 மாடல் பி1800-ல் 2013-க்குள் 30 லட்சம் மைல் ஓட்டி கின்னஸ் சாதனை படைத்தார். எல்லோரும் அந்த அழகுக் காரைத்தான் புகழ்ந்தார்கள். ஓடிய இஞ்சின் அமேசானிலும் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

அதனால் ஓட்டு அமேசானுக்கே. நான்கு கதவு, ஐந்து பேர், பின்னால் மூட்டை முடிச்சு எல்லாம் போகும். பி1800-ல் பின்சீட் என்பது பேருக்குத்தான், ஒரு பையை வேண்டுமானால் வைக்கலாம். போஸ்டர் ஒட்டுவதாக இருந்தால் மட்டும் பி1800 :-)