அரண்மனைச் சிறையும் பிம்ப்ரி பெனிசிலினும்

பிம்ப்ரியிலிருந்து கிளம்பும் பள்ளிப் பேருந்து எரவாடா சிறை இருக்கும் பகுதியைக் கடக்கும்போது பிள்ளைகள் ஜன்னலோரம் முண்டியடிக்கிறார்கள். அங்கே இன்றும் கைதிகள் இருக்கிறார்கள், வண்டி நிற்காது. நிற்கும் இடம் நகர் சாலையிலுள்ள ஆகாகான் அரண்மனை. வளைவுகள், அகன்ற தாழ்வாரங்கள், பச்சைப் புல்வெளி. இதுவா சிறை? மாணவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்.

கேள்வி நியாயமானது. பஞ்சத்தில் தவித்த சுற்றுவட்டார மக்களுக்கு வேலை கொடுக்க 1892-ல் மூன்றாம் ஆகாகான் கட்டிய மாளிகை இது. 1942 ஆகஸ்ட் 9 அன்று பம்பாயில் கைதான காந்தியை இங்கேதான் அடைத்தார்கள். முள்வேலி போட்டுக் காவல் நிறுத்தினால் மாளிகையும் சிறைதான். ஆறே நாளில் அவருடைய செயலாளர் மகாதேவ தேசாய் மாரடைப்பில் இறந்தார். வயது 50. வளாகத்துக்குள்ளேயே எரியூட்டினார்கள்.

காந்தியின் பாத்திரங்களையும் செருப்பையும் பார்த்து நகரும் கூட்டம் கஸ்தூர்பாவின் கதை வரும்போது நின்றுவிடுகிறது. 1944 பிப்ரவரியில் இதயநோயோடு நிமோனியாவும் சேர்ந்து அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பெனிசிலின் அப்போது புதிய மருந்து; கிடைத்ததில் பெரும்பகுதி போர்முனைக்கே போய்க்கொண்டிருந்தது. ராஜாஜியின் மருமகனான மகன் தேவதாஸ் அதைக் கல்கத்தாவிலிருந்து விமானத்தில் தருவித்துவிட்டார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும் என்று தெரிந்ததும் காந்தி வேண்டாமென்றார். சாகப்போகிறவரை ஏன் வதைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பிப்ரவரி 22 மாலை கஸ்தூர்பா காந்தியின் மடியில் உயிர்விட்டார். அதே ஆண்டு மலேரியா வந்தபோது குவினைன் எடுத்துக்கொண்டவர் மனைவிக்கு மட்டும் ஏன் மறுத்தார் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஊசி போட்டிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்பது வேறு விஷயம். மகனுக்கு அந்தக் கணக்கெல்லாம் எப்படித் தோன்றும்?

பிம்ப்ரிப் பிள்ளைகளுக்குப் பெனிசிலின் என்பது பாடப்புத்தகச் சொல் மட்டுமல்ல. இந்திய அரசின் முதல் பெனிசிலின் ஆலையான ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப் உதவியோடு 1954-ல் அமைந்தது அவர்கள் ஊரில்தான். உற்பத்தி 1955-ல் தொடங்கியது. தாத்தா அங்கே வேலை பார்த்தார் என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. கஸ்தூர்பா இறந்து பதினோரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

மாளிகையை 1969-ல் நான்காம் ஆகாகான் நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். பின்புறம் மகாதேவ தேசாய்க்கும் கஸ்தூர்பாவுக்கும் அருகருகே சமாதிகள். அங்கே சற்று நேரம் அமைதி. பிறகு டிபன் டப்பாக்கள் திறக்கும் சத்தம். பேருந்து திரும்பி, பழைய மும்பை சாலையில் ஆன்டிபயாடிக்ஸ் ஆலை அருகே வரும்போது பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். விழித்திருப்பவர்கள் மட்டும் ஆலைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள்.