சரக்கு: வீடு

நாமக்கல் புறவழிச்சாலையில் ஒரு எடை மேடை. விடிகாலை ஐந்து மணி. கூண்டுக்குள் இருந்த பையன் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தான். வண்டி எண் கேட்டான், சொன்னேன். "மெட்டீரியல் என்னங்க?" என்றான். முட்டை, கோழித் தீவனம், ஜவ்வரிசி, இரும்புக் கம்பி என்று பார்த்துப் பழகியவன். நான் "வீடு" என்றேன். தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் ஹவுஸ் என்று தட்டிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

ஆர்.சி.யில் என் வண்டிக்குப் போட்டிருக்கும் மொத்த எடையைவிட 340 கிலோ அதிகம். அதுவும் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தபோது. மனைவி, மகள், துணிப் பை, அரிசிப் பை எதுவும் இன்னும் ஏறவில்லை.

சீட்டை நான்காக மடித்து டேஷ்போர்டு அறையில் இன்சூரன்ஸ் காகிதத்துக்கு அடியில் வைத்தேன். வீட்டில் கேட்டதற்கு "எல்லாம் கரெக்டா இருக்கு" என்றேன். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வண்டி இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ். நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள பிக்கப். 2016இல் இங்கே விற்பனைக்கு வந்தபோதே மனதில் விழுந்துவிட்டது. கைக்கு வந்தது பிற்பாடு, இரண்டாம் கையாக. அதன் முதுகில் ஒரு பெட்டி வீடு கட்டி, குடும்பத்தோடு அதிலேயே படுத்துத் தூங்கி ஊர் சுற்ற வேண்டும் என்று ஆசை. பின்னால் இருக்கும் தொட்டி கிட்டத்தட்ட ஐந்தடி நீளம். நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். அந்த ஒன்பது அங்குலத்தில்தான் என் பிரச்சினை முழுவதும் இருந்தது.

ஐந்தடித் தொட்டியில் ஆறடி ஆள் படுக்க இரண்டு வழி. ஒன்று, படுக்கையை டிரைவர் கூரைக்கு மேலே நீட்டுவது. வெளிநாட்டில் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். பாரம் இரண்டு அச்சுக்கும் பங்காகப் போகும். "ராத்திரி ஏணியில ஏறி இறங்குறதுக்கு நான் என்ன பரண் எலியா?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. இன்னொரு வழி, பெட்டியைத் தொட்டிக்கு வெளியே பின்னால் இரண்டடி தள்ளுவது. அதைத்தான் செய்தேன். பழியை மனைவி மேல் போட இடம் இருக்கிறது என்பதற்காகப் போடவில்லை. தலைப்பக்கம் ஒரு மடிப்புப் பலகை வைத்திருந்தால் இரண்டும் வேண்டியிருக்காது. எனக்குப் பின்பக்கம் ஒரு சமையல் மேடை வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். வரைபடத்தைக் கையில் வாங்காமலேயே வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின் சக்கரத்துக்கு நேராக நின்று சொன்னார்: "பொட்டிய அச்சுக்குப் பின்னால தள்ளாதீங்க சார். ஏத்தம் பாத்திருக்கீங்களா? அதே கணக்குத்தானுங்க. கடைசீல நூறு கிலோ வெச்சீங்கன்னா முன்னால தூக்கிரும்."

"உள்ள பெருசா ஒண்ணும் வைக்கப் போறதில்லண்ணா. மெத்தை, ஒரு அடுப்பு."

"அப்டின்னா பண்ணிப்புடலாமுங்க."

அவர் கட்டிக் கொடுத்தது ஒரு அழகான வேலை. சதுரக் குழாய்ச் சட்டம், மேலே அலுமினியத் தகடு, நடுவில் தெர்மாகோல். மேடு பள்ளத்தில் சேஸிஸ் முறுக்கும், பெட்டி முறுக்காது. அதனால் இரண்டும் சேரும் ஆறு இடத்திலும் ரப்பர் புஷ் வைத்தார். அந்த ஆறு தாங்கிகளையும் வெல்டிங் செய்தது அவரிடம் இருந்த பையன். இருபது வயது இருக்கும். ஒவ்வொரு தையலையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, குனிந்து ஊதிப் பார்ப்பான். வெறும் பெட்டி 210 கிலோ. மேஸ்திரி மனதில் இருந்த கணக்கு அதோடு முடிந்தது.

என் கணக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. அலமாரிக்கு 18 மில்லி பிளைவுட். எட்டுக்கு நாலு பலகை ஒன்று முப்பத்தைந்து கிலோ வரும், மூன்று போனது. 150 ஆம்பியர் டியூப்ளர் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டரில் இருந்து கழற்றியது, ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு மேல் கனம். அதற்கு இடம் கிடைத்தது பெட்டியின் கடைக்கோடியில், மேஸ்திரி எந்த இடத்தில் வைக்காதே என்றாரோ அங்கேயே. தண்ணீர் டேங்க் 90 லிட்டர். லிட்டர் ஒரு கிலோ என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கூரையில் கேரியர், அதன் மேல் இன்னொரு ஸ்டெப்னி, சோலார் பலகை. உள்ளே பிரிட்ஜ். கடைசியாக, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கோயம்புத்தூர் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்று. மலை மேல் மாவரைத்து இட்லி சுட வேண்டும் என்று எனக்கு ஒரு கனவு. ஒரே ஒரு தடவை அரைத்தோம். குளிரில் மாவு பொங்கவில்லை.

விவரம் தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்கவும் வழியில்லை. 1970களிலும் 80களிலும் அமெரிக்காவில் டொயோட்டாவின் சின்ன பிக்கப் சேஸிஸை வாங்கி, அதன் மேல் பெட்டி கட்டுபவர்கள் படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் ஏற்றி விற்றார்கள். பின் அச்சு அதற்குச் செய்ததல்ல. அச்சு உடைந்து, அரசு விசாரணை வந்து, கடைசியில் கனத்த அச்சுக்கு மாற வேண்டியதாயிற்று. இந்தக் கதையை நான் வேலை தொடங்குமுன்பே படித்திருந்தேன். டீக்கடையில் நண்பர்களுக்குக் கைகால் ஆட்டிச் சொல்லியும் இருக்கிறேன்.

எடை மேடைக்குப் போனதற்கும் காரணம் உண்டு. வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன்புறம் ஏறி நின்றது. டிம் லைட் போட்டால்கூட வெளிச்சம் புளியமரக் கிளையில் போய் விழுந்தது. எதிரே வருகிறவன் எல்லாம் லைட் அடித்துத் திட்டினான். ஸ்டீயரிங் காகிதம் மாதிரி லேசாகிவிட்டது. சீட்டில் எண்ணைப் பார்த்த பிறகு புத்தியுள்ளவன் பாரத்தை இறக்குவான். நான் அந்த மேஸ்திரியிடம் போகாமல், அவருக்குத் தெரியாமல், வேறு ஊரில் ஒரு கடையில் ஸ்பிரிங் கட்டுக்கு இரண்டு பட்டை கூடுதலாக வைத்தேன். வண்டி நேராக நின்றது. பார்க்க எந்தக் குறையும் இல்லை. பட்டை கூடினால் ஸ்பிரிங் விறைக்கும், ஸ்பிரிங் வாங்க வேண்டிய அடியெல்லாம் தாங்கிகளுக்குப் போகும். இதுவும் எனக்குத் தெரியும்.

சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. பெட்டியை போல்ட் கழற்றினால் இறக்கிவிடலாம், ஆகவே இது வண்டியை மாற்றியது அல்ல, வெறும் சாமான் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். வக்கீலைக் கேட்கவில்லை. என்ன சொல்வார் என்று தெரிந்தவரிடம் எதற்குக் கேட்பது?

சந்தோஷமே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான். கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அப்பால், தெரிந்தவர் ஒருவரின் மிளகுத் தோட்டத்தில் அனுமதி கேட்டு நிறுத்தினோம். முதல் இரவு மூடிய பெட்டிக்குள் மூன்று பேர் மூச்சு விட்டோம். விடியும்போது கூரைத் தகட்டில் அந்த மூச்செல்லாம் முத்து முத்தாகத் திரண்டு, சரியாக என் நெற்றியில் சொட்டியது. குளிருக்கு பயந்து மேல் ஜன்னலை அடைத்ததன் பலன். மறுநாள் மேலே கீழே இரண்டையும் ஒரு விரல் திறந்து வைத்தோம், சொட்டு நின்றது. காலையில் பின் கதவைத் திறந்தால் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையில் மூடுபனி, பலாப்பழ வாசனை. மகள் மெத்தையில் உட்கார்ந்தபடியே காலைத் தொங்கவிட்டு காபி குடித்தாள். அந்த ஒரு காலைக்காக எதையும் செய்யலாம் என்று அப்போது தோன்றியது. அப்படித்தானே செய்தும் இருந்தேன்.

நான்கு சக்கர இழுவை பற்றியும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் உண்மையாகத் தேவைப்பட்டது நான்கு தடவை. சொந்தக்காரர்களுக்குக் காட்டியது அதற்கு மேல். காட்டுப் பாதையில் வனத்துறை விடாது. தனுஷ்கோடிக்கோ 2017இலேயே அரிச்சல்முனை வரை தார் போட்டாயிற்று. கொல்லிமலை இறங்கும்போது மகளுக்குக் காட்டுவதற்காகக் கியர் பக்கத்துத் திருகை நான்குக்குத் திருப்பினேன். இந்த வண்டியில் அந்த இழுவை சேற்றுக்கும் மணலுக்கும் உரியது. காய்ந்த தாரில் போட்டால் வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருக்கும், ஆனால் ஓட முடியாது. டயர் தேய்த்துக்கொண்டு முனகும். இரண்டு வளைவு அப்படி முனகவிட்டு, பெருமையாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, பழையபடி மாற்றினேன்.

அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. பாதி மலை இறங்கியிருப்போம், ஒரு வளைவில் திரும்பும்போது பின்னாலிருந்து கடப்பாரையைக் கருங்கல்லில் போட்ட மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். பின் இடது தாங்கி வெல்டிங்கோடு பிய்ந்து, பெட்டி நான்கு விரல் சாய்ந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் வந்த பஸ்காரர் மட்டும் ஒதுங்கிப் போக இடமில்லாமல் சத்தம் போட்டார்.

நடுங்கிக்கொண்டுதான் மேஸ்திரிக்குப் போன் செய்தேன். ஆனால் வாயில் வந்தது கோபம். "என்னண்ணா வெல்டிங் பண்ணியிருக்கீங்க? பொம்பளப் புள்ளைங்கள வெச்சுட்டு நடு மலையில நிக்கிறேன்!"

"அங்கயே இருங்க சார், வந்தர்றேன்" என்றார்.

அவர் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் நான் செய்த காரியம்தான் இன்றும் தூக்கத்தில் வருகிறது. டேங்க் குழாயைத் திறந்துவிட்டேன். நிரப்பி வைத்திருந்த தண்ணீர் சாலையோரச் சாக்கடையில் அரை மணி நேரம் ஓடியது. "ஏங்க, எதுக்கு நல்ல தண்ணிய விடுறீங்க?" என்றாள் மனைவி. "ஜாக்கி வைக்க லேசா இருக்கட்டும்" என்றேன். ஸ்டெப்னியை கேரியரிலிருந்து இறக்கிப் புதர் ஓரம் உருட்டினேன். கிரைண்டரை எடுத்துப் பின் சீட்டில் மகள் காலடியில் வைத்துப் போர்வை போட்டேன். டேஷ்போர்டு அறையை ஒரு தரம் திறந்து, சீட்டு காகிதத்துக்கு அடியிலேயே இருக்கிறதா என்று பார்த்து மூடினேன்.

டி.வி.எஸ். 50இல் மேஸ்திரியும் அந்தப் பையனும் வந்தார்கள், ஜாக்கியும் சங்கிலியும் கட்டிக்கொண்டு. மேஸ்திரி கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ள என்னங்க சார் ஏத்தியிருக்கீங்க?"

"அதான் சொன்னேனே. மெத்தை, அடுப்பு, கொஞ்சம் சாமான்."

எழுந்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே பையனைப் பார்த்தார். "பொறுமையா வெய்யின்னு எத்தன தரம் சொன்னன்?" பையன் பிய்ந்த தாங்கியை விரலால் தடவிக்கொண்டிருந்தான். "நல்லாத்தானுங்க வெச்சேன்" என்றான். அவரிடம்தான் சொன்னான், ஆனால் பார்த்தது என்னை. நான் பள்ளத்தாக்கைப் பார்த்தேன்.

சங்கிலி போட்டுக் கட்டி, கூடவே வந்து மலையிறக்கிவிட்டார்கள். பட்டறையில் தாங்கியைப் புதிதாக வைத்துக் கொடுத்தார், கூலி இல்லை. அதற்கு மேல் 15,000 ரூபாயை ஒரு மஞ்சள் கவரில் போட்டு நீட்டினார். "பேரு கெட்டுப் போயிரக் கூடாதுங்க." வேண்டாம் என்று சொன்னேன். ஒரே ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை நீட்டியபோது வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு வண்டியிடம் மட்டும் யோக்கியனாகிவிட்டேன். டியூப்ளரை எடுத்துவிட்டு 12 கிலோ லித்தியம் பேட்டரி வைத்தேன். 18 மில்லிப் பலகையெல்லாம் போய் 9 மில்லி வந்தது. டேங்க் 30 லிட்டர் ஆனது. கூடுதல் பட்டையைக் கழற்றினேன். கேரியரும் ஸ்டெப்னியும் மாடியில் கிடக்கின்றன. கிரைண்டர் சமையலறைக்குத் திரும்பிவிட்டது. மறுபடி எடை போட்டபோது இன்னும் 40 கிலோ கூடுதலாகவே இருந்தது. ஆனால் லைட் சாலையில் விழுகிறது.

மேஸ்திரியிடம் போகவில்லை. போன தீபாவளிக்கு முன்னால், மனசாட்சி உறுத்தல் தாங்காமல் அவருக்கு ஜி-பேயில் 15,000 அனுப்பினேன். குறிப்பு எழுதும் கட்டத்தில் எதை எழுதுவது என்று வெகு நேரம் யோசித்து, எதுவும் எழுதாமல் விட்டேன். ஐந்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். "சார், பணம் வந்துருக்குது, எதுக்குங்க?" உண்மை நாக்கு நுனி வரை வந்தது. "அட்வான்ஸ்ண்ணா. பெட்டியில கொஞ்சம் வேலை இருக்கு, அப்புறம் கொண்டு வர்றேன்" என்றேன்.

அவர் நேர்மையான மனிதர். வாங்கிய அட்வான்சுக்கு வேலை செய்யாமல் இருக்க முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டு, வண்டி எப்போது வரும் என்று கேட்கிறார். போன வாரமும் கேட்டார். பேச்சோடு பேச்சாக அந்தப் பையனை விசாரித்தேன்.

"அவன் நின்னுட்டானுங்க. திருப்பூர்ல ஏதோ கம்பெனி."

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததால் அவரே தொடர்ந்தார். "நீங்க வெசனப்படாதீங்க சார். இப்பல்லாம் எந்த வண்டி வந்தாலும் தாங்கிக்கு ரெட்டைத் தகடுதான் வெக்கிறது. உங்க வண்டியில கத்துக்கிட்டதுங்க."

இரட்டைத் தகடு வைத்தால் ஆறு தாங்கிக்கும் சேர்த்து வண்டிக்கு எத்தனை கிலோ கூடும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லதுங்கண்ணா" என்றேன்.