தேயிலைப் பெட்டியில் கட்டிய தந்தி

வால்பாறை

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். அறைத்தோழர்களோடு சேர்ந்து நீ ராக் பேண்ட் ஆரம்பிக்கிறாய் என்று அக்கா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உங்கள் எல்லோரையும்விட நன்றாக கிட்டார் வாசிக்கிற பையன் ஒருவன் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறானாமே? அவன் வந்தால் உன் இடம் என்ன ஆகும் என்று கலங்குகிறாயாம். நீ இருப்பதோ லிவர்பூல். இதே கேள்வியோடு அங்கே ஒரு பையன் 1957-ல் நின்றான். அந்தக் கதையை உனக்குச் சொல்ல வேண்டும்.

1956 தொடக்கத்தில் லானி டானிகன் பாடிய 'ராக் ஐலண்ட் லைன்' பிரிட்டன் முழுக்கப் பரவியது. அந்த இசைக்கு ஸ்கிபிள் என்று பெயர். கிட்டாரில் மூன்று கார்டு பிடிக்கத் தெரிந்தால் போதும். மலிவான கிட்டார் ஒன்று, துணி துவைக்கிற வரிப்பலகை ஒன்று, தேயிலைப் பெட்டி ஒன்று இருந்தால் கச்சேரி தயார். தெருவுக்குத் தெரு பையன்கள் கிளம்பிவிட்டார்கள்.

தேயிலைப் பெட்டி என்றதும் எனக்கு உன் தாத்தா ஞாபகம்தான் வருகிறது. எஸ்டேட் பேக்டரியில் அவருக்குப் பெட்டி அடிக்கிற வேலை. மெல்லிய பிளைவுட், விளிம்பெல்லாம் தகரப் பட்டை, உள்ளே ஈயத்தாள், வெளியே மை வைத்து அடித்த எண். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் தேயிலை கப்பலேறியது. சரக்கு இறக்கியபின் காலிப் பெட்டி அங்கே சல்லிசாகக் கிடைத்தது. அதைக் கவிழ்த்துப் போடுவார்கள். நடுவில் ஓட்டை போட்டுத் தந்தியை முடிந்து, மறுநுனியை ஒரு விளக்குமாற்றுக் கம்பின் உச்சியில் கட்டுவார்கள். கம்பின் அடி பெட்டியின் ஓரத்தில் நிற்கும். கம்பை வெளியே சாய்த்தால் தந்தி இறுகிச் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். வில்லுப்பாட்டில் குடம் செய்கிற வேலையை இங்கே பெட்டி செய்கிறது. பிளைவுட் மெல்லியதாக இருப்பதால் தும்மென்று அதிரும்.

குவாரி பாங்க் பள்ளியில் படித்த ஜான் லெனன் 1956 கடைசியில் தொடங்கிய குழுவிலும் இந்தப் பெட்டி இருந்தது. பள்ளியின் பெயரை ஒட்டி அதற்கு 'குவாரிமென்' என்று பெயர். யார் திறமைசாலி என்று பார்த்து ஆள் எடுக்கவில்லை, யார் கூட்டாளி என்றுதான் பார்த்தார்கள். பீட் ஷாட்டனுக்கு இசையே வராது. உயிர்த்தோழன் என்பதால் அவன் கையில் வரிப்பலகை வந்தது. ராட் டேவிஸிடம் பாஞ்சோ இருந்தது, சேர்ந்தான். காலின் ஹான்டன் வேலை கற்றுக்கொண்டே சம்பளம் வாங்குகிறவன், தவணையில் டிரம்ஸ் வாங்கியிருந்தான், அவனும் சேர்ந்தான். லெனனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது அவன் அம்மா ஜூலியா. அந்த அம்மாவுக்குத் தெரிந்தது பாஞ்சோ. அதனால் பையனும் கிட்டாரில் பாஞ்சோ கார்டுகளையே பிடித்துக்கொண்டிருந்தான்.

1957 ஜூலை 6, சனிக்கிழமை. வூல்டன் புனித பீட்டர் தேவாலயத்தில் திருவிழா. இவர்கள் பகலில் லாரியின் மேலும் திடலிலும் வாசித்தார்கள். கூட்டத்தில் ஒருவனாக நின்றவன் 15 வயது பால் மெக்கார்ட்னி. இருவருக்கும் பொதுவான நண்பன் ஐவன் வான் அவனைக் கூட்டி வந்திருந்தான். மாலையில் தேவாலயக் கூடத்தில் பால் ஒரு கிட்டாரைக் கையில் வாங்கினான். இடக்கைக்காரன், அதைத் திருப்பிப் பிடித்தான். 'ட்வெண்டி ஃபிளைட் ராக்' பாட்டை ஒரு வார்த்தை பிசகாமல் பாடினான். கிட்டாருக்குச் சரியாகச் சுருதி கூட்டவும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

லெனனுக்கு 16 வயது. அதுவரை குழுவில் அவன் வைத்ததுதான் சட்டம். இவனைச் சேர்த்தால் குழு பலப்படும், தன் பிடி தளரும். சேர்க்காவிட்டால் தலைமை நிலைக்கும், குழு அப்படியே கிடக்கும். யோசித்தான். இரண்டு வாரம் கழித்துச் சைக்கிளில் போன பாலை வழிமறித்து அழைத்தது யார் தெரியுமா? வரிப்பலகைக்காரன் ஷாட்டன். எனக்கு இந்த இடத்தில் லெனனைவிட அவன்தான் பெரியவனாகத் தெரிகிறான். இன்னொன்றையும் கேள். அக்டோபரில் பால் முதன்முதலாக இவர்களோடு மேடையேறியபோது, தனியாக வாசிக்க வேண்டிய இடத்தில் தடுமாறிக் கெடுத்துவிட்டான். யாரும் அவனை அனுப்பிவிடவில்லை.

குழுவில் நடந்த மற்றதையும் மறைக்காமல் சொல்கிறேன். 1958 தொடக்கத்தில் பால் தன் பள்ளித் தோழன் ஜார்ஜ் ஹாரிசனைக் கொண்டுவந்தான். இதற்கிடையே வாசிப்பு ராக் பக்கம் திரும்பியதில் பாஞ்சோவுக்கு இடமில்லாமல் போனது. ஷாட்டன் விலக நினைத்துச் சொல்லத் தயங்கினான். ஒரு விருந்தில் லெனன் வரிப்பலகையை அவன் தலையில் அடித்து உடைத்தான், அவனும் நிம்மதியாக விலகினான். இருவரின் நட்பு மட்டும் உடையவில்லை. பெட்டி வாசித்த லென் காரி நோயில் விழுந்தான். ஒரு கிட்டார்காரனைச் சொல்லாமல் கொள்ளாமல் கழற்றிவிட்டார்கள். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நீ யாரையும் அப்படிச் செய்யாதே. முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசு.

அதே 1958-ல் ஐந்து பேர் காசு போட்டு ஒரு சிறிய கூடத்தில் இரண்டு பாட்டுப் பதிவு செய்தார்கள். கிடைத்தது ஒரே ஒரு தட்டு. ஆளுக்கு ஒரு வாரம் என்று வீட்டுக்கு எடுத்துப்போய்க் கேட்டார்கள். அவர்களில் மூவர் பிறகு பீட்டில்ஸ் ஆனது உனக்குத் தெரியும். விலகிப்போன பழைய நண்பர்கள் 1997-ல், திருவிழா நடந்து 40 ஆண்டு ஆனபோது, மறுபடி ஒன்றுகூடி அதே வூல்டனில் வாசித்தார்கள்.

அந்தப் பையனைச் சேர்த்துக்கொள், மருமகனே. உன் கிட்டார் அவன் பக்கத்தில் சுமாராகத்தான் கேட்கும், பரவாயில்லை, நீ பாட்டு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வூல்டன் போய் அந்தத் தேவாலயத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வா.

தாத்தா வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டி ஒன்று நம் பரணில் இன்னும் இருக்கிறது. அத்தை அதில் கம்பளி போட்டு வைத்திருக்கிறாள். கேட்டுப் பார்த்தேன், காலி செய்து தருகிறேன் என்கிறாள். லீவுக்கு வரும்போது தந்தி வாங்கி வா. கம்பு நான் சீவி வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா